ஆக்சிலரேட்டர் மிதித்தால் சத்தமா? கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

குளச்சல் பக்கம் ஓடுகிற பழைய பெட்ரோல் கார் அது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வரும்போது அடியில் தகரம் அதிர்கிற சத்தம் கேட்கும். 2,500 தாண்டினால் சத்தம் நின்றுவிடும். நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "கிளட்ச் போச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். பழைய சாமான் எங்கே என்று கேட்டதற்கு, ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்று பதில். வீட்டுக்கு வரும் வழியிலேயே அதே சத்தம்.

வேறொரு இடத்தில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சைலன்சரின் முன் பைப்பைச் சுற்றியிருக்கும் ஹீட் ஷீல்ட் என்ற வெப்பத் தடுப்புத் தகடு, போல்ட் ஓட்டையில் துருப்பிடித்துக் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. தகட்டோடு சேர்த்து இரண்டு ஸ்டீல் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கியதும் சத்தம் போயிற்று. சில நூறு ரூபாய் வேலை. தளர்ந்த தகடு இன்ஜினின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும்தான் அதிரும். அதனால்தான் 2,500க்கு மேல் அடங்கியது. குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் என்று உப்புக்காற்றில் நிற்கிற வண்டிகளில் இந்தத் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். போதாததற்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம் வேறு. கடலோர வண்டியில் தகரச் சத்தம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சைலன்சர் நன்றாக ஆறிய பிறகு தகட்டைக் கையால் தட்டினாலே தெரியும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

கிளட்ச் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே சோதிக்கலாம். தேய்ந்த கிளட்ச் வழுக்கும்: நாலாவது கியரில் அழுத்தி மிதித்தால் ஆர்பிஎம் ஏறும், வண்டி வேகம் ஏறாது, கருகிய வாடை வரும். ரிலீஸ் பேரிங் போயிருந்தால் கிளட்ச் பெடலை மிதிக்கும்போது சத்தம் வரும். கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் இதற்கு நேர்மாறு: நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது உறுமும், மிதித்தால் நிற்கும். மூன்றில் எதுவுமே இல்லாத வண்டிக்குக் கியர் பாக்ஸை இறக்கச் சொல்வது அநியாயம்.

அடுத்து, சத்தம் இன்ஜினோடு போகிறதா, சக்கரத்தோடு போகிறதா என்று பிரிக்க வேண்டும். நிறுத்திய வண்டியில் நியூட்ரலில் ரேஸ் செய்தாலும் சத்தம் வந்தால் பெல்ட், ஹீட் ஷீல்ட், சைலன்சர் பக்கம் தேடலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'டிக் டிக்' என்று அடித்து, சூடானதும் குறைந்தால் இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் லீக்காக இருக்கலாம். ஓடும்போது நியூட்ரலுக்கு மாற்றிய பிறகும் உறுமல் தொடர்ந்தால் வீல் பேரிங்கோ டயரோதான். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆரல்வாய்மொழிக் காற்றில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், காற்றின் இரைச்சலில் எதுவும் கேட்காது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக எடுக்கும்போது 'டக் டக்' என்றால் ஆக்சிலின் வெளி ஜாயிண்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து, வீலின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். மிதிக்கும்போதும் காலை எடுக்கும்போதும் ஒரே ஒரு 'டொக்' என்றால் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் இன்ஜின் மவுன்ட்.

பேச்சிப்பாறை ஏற்றத்தில் டாப் கியரிலேயே மிதித்து 'கிணுகிணு' என்று கேட்டால் உடனே இன்ஜினைப் பிரிக்கவேண்டிய அவசியமில்லை. ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் பெட்ரோல், பிளக் என்று வரிசையாகப் பார்க்கலாம். ஆயில் விளக்கு எரிந்து, ஆழத்திலிருந்து 'டொம் டொம்' என்று அடித்தால் மட்டும் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள், அங்கேயே இன்ஜினை நிறுத்துங்கள்.

வண்டியை விடும் முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்து, எந்தச் சாமானிலிருந்து வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய சாமான் வேண்டும் என்பதை அதிலேயே எழுதவையுங்கள், வேலை முடிந்த பிறகு கேட்டால் ஆக்கர் கதைதான் வரும். பில்லில் சாமானும் கூலியும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. எஸ்டிமேட், பில், மறுபடி சரிசெய்த இடத்தின் பில், சத்தத்தை எடுத்த வீடியோ ஆகியவற்றை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.