எக்ஸ்பாக்ஸுக்குப் பழைய ஜாய்ஸ்டிக் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

9,500 ரூபாய். பழைய கேமிங் சாதனங்களை வாங்கி விற்கும் ஒரு கடையில் அதைக் கொடுத்து, டிவியில் இணைத்து ஆடும் கேமிங் கன்சோலான என் எக்ஸ்பாக்ஸில் எந்தக் காலத்திலும் வேலை செய்யாத ஒரு ஜாய்ஸ்டிக்கை, அதாவது விளையாட்டில் விமானம் ஓட்டும் குச்சியை, வாங்கி வந்திருக்கிறேன். வேலை செய்யாது என்பது விற்றவருக்குத் தெரியும். தெரிந்தேதான் விற்றார். இனி வாங்குகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்ற விமானம் ஓட்டும் விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இந்த வெறி புரியும். 2021 ஜூலையில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த விளையாட்டு அது. அதில் நேபாளத்தின் லுக்லா விமான நிலையம் இருக்கிறது. ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான்; அதுவும் ஏறத்தாழ 12 சதவீதச் சாய்வில் மேலேறுகிறது. இந்த முனையில் பள்ளத்தாக்கு, அந்த முனையில் மலை. இறங்கும்போது கடைசி நேரத்தில் மனம் மாறி, மேலே தூக்கிச் சுற்றி வர இடமே கிடையாது. இந்தத் தரையிறக்கத்தைக் கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரின் சின்னக் குமிழைக் கட்டைவிரலால் அசைத்துச் செய்ய வேண்டும். மயிரிழை கூடினாலும் விமானத்தின் மூக்கு எகிறும், திருத்தினால் பாறை. எரிச்சலில் கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்ட கையே அடுத்த நிமிடம் அதைத் தேடும். இறக்கையில் உள்ள மடிப்புப் பலகையான ஃபிளாப்பைக் கொஞ்சம் முன்னதாக இறக்கியிருந்தால் இறங்கியிருக்கலாமே என்ற நினைப்பு தூங்க விடாது.

அந்தக் கடைக்காரர் பிடித்தது இந்த நினைப்பைத்தான். எந்த இடத்தில் சிரமப்படுகிறீர்கள் என்று அவரே கேட்டார். லுக்லா என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. “சார், அங்கே கட்டைவிரலை நம்பி இறங்க முடியாது. கை முழுவதும் பிடிக்கிற குச்சி வேண்டும், வேகத்துக்குத் தனி நெம்புகோல் வேண்டும்” என்றார். ஓடுபாதையை எந்த உயரத்தில் அணுக வேண்டும் என்றுகூடச் சொல்லிக் கொடுத்தார். இவ்வளவு தெரிந்தவர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? எக்ஸ்பாக்ஸில் ஓடுமா என்று வாய்விட்டுக் கேட்டேன். “தாராளமாக ஓடும்” என்று தன் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். பெரிய டிவி, அதே விளையாட்டு, அதே ஜாய்ஸ்டிக். பணத்தை அனுப்பினேன்.

வீட்டில் செருகினால் விளக்கு எரிகிறது, விமானம் அசையவில்லை. பிறகுதான் விவரம் தெரிந்தது. உரிமம் பெற்ற, அதற்கான சிப் உள்ள சாதனங்களை மட்டுமே எக்ஸ்பாக்ஸ் ஏற்கும். எனக்கு விற்றது கணினிக்கு மட்டுமானது. அந்த வீடியோவில் டிவிக்குப் பின்னால் இருந்ததும் கணினியாகத்தான் இருக்க வேண்டும். திரையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

தொலைபேசியில் கேட்டபோது, “விளக்கு எரிகிறது அல்லவா, அப்படியானால் பொருள் நன்றாக இருக்கிறது” என்றார். அடுத்து, கன்சோலை அப்டேட் செய்யச் சொன்னார். பிறகு, வேறு யூஎஸ்பி துளையில் செருகச் சொன்னார். பிறகு, பழுது பார்க்கிற பையன் ஊருக்குப் போயிருக்கிறான் என்றார். கடைசியில், “பழைய பொருளுக்குப் பணம் திரும்பத் தரும் வழக்கம் இல்லை, வேண்டுமானால் 3,000 ரூபாய்க்கு நானே எடுத்துக்கொள்கிறேன்” என்றார்! என்னிடம் 9,500 வாங்கிய அதே பொருளை, அதே மனிதர். இன்று காலை முதல் என் அழைப்பை எடுக்கவே இல்லை.

பார்க்க வேண்டியவை: பெட்டியில் எக்ஸ்பாக்ஸ் என்று அச்சிட்டிருக்க வேண்டும். பிளேஸ்டேஷனுக்கான ஜாய்ஸ்டிக் இதில் ஓடாது, எக்ஸ்பாக்ஸ் 360 காலத்துச் சாதனமும் புதிய கன்சோலில் ஓடாது. வீடியோவை நம்பாதீர்கள், கன்சோலையே கடைக்குத் தூக்கிச் சென்று செருகிப் பாருங்கள். எந்தக் கன்சோலுக்கு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் ‘கேமிங் பொருள் – 9,500’ என்று மட்டும்தான் இருக்கிறது. ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். நானும் அழைக்கப் போகிறேன். இதற்கு மேல் எழுதப் பொறுமை இல்லை. கடை திறக்கும் நேரம், பெட்டியோடு நேரிலேயே போகிறேன்.