வயதான சிப்பிப்பாறை நாய்க்கு எந்த மெத்தை சரி?

எங்கள் மணிக்கு 12 வயது. சிப்பிப்பாறைக்கு உடம்பில் சதைப்பற்றே குறைவு, அதனால் மொசைக் தரையில் படுத்துப் படுத்து இரண்டு முழங்கையிலும் முடி உதிர்ந்து தோல் காய்த்துப்போய், காலையில் எழும்போது பின்னங்கால் நடுங்குவதைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை.

முதலில் ஆன்லைனில் 'ஆர்த்தோ' என்று போட்டிருந்த வட்டப் படுக்கை வாங்கினேன். உள்ளே வெறும் நார்ப்பஞ்சு. 15 நாளில் நடுவில் குழி விழுந்துவிட்டது. சுற்றிலும் உயரமான விளிம்பு வேறு, காலைத் தூக்கி வைக்க முடியாமல் அப்படியே நிற்பான். போடிப் பக்கத்து இலவம்பஞ்சும் யோசித்தேன், நமக்கு அருமை, ஆனால் நாளாக நாளாக அமுங்கிவிடும், மூத்திரம் பட்டால் லேசில் காயாது.

அப்புறம் மாசி வீதிப் பக்கம் ஒரு மெத்தைக் கடையில் சொல்லிச் செய்தேன். கீழே 3 அங்குலம் கெட்டி ஃபோம், மேலே 1 அங்குலம் மெமரி ஃபோம், நீளம் 4 அடி, விளிம்பு கிடையாது. மெமரி ஃபோம் சூட்டைப் பிடித்து வைக்கும், மதுரை வெயிலுக்கு அதற்கு மேல் வேண்டாம் என்று கடைக்கார அண்ணனே சொன்னார். "முட்டியை ஊன்றிப் பாருங்க, தரை தட்டக் கூடாது" என்று அழுத்திக் காட்டியும் கொடுத்தார். ரெக்சின் உறை, அதன்மேல் கழற்றித் துவைக்கிற பருத்தி உறை. அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு நான் போட்டது, அதை விட்டுவிடாதீர்கள்.

நாலு மாதமாகியும் குழி விழவில்லை. முழங்கைத் தோல் மெதுவாக இளகுகிறது. மூட்டுவலிக்கு டாக்டர் தந்த மருந்தும் கூடவே ஓடுகிறது. மத்தியான வெயிலில் மட்டும் வெறுந்தரைக்குப் போய்விடுகிறான், ராத்திரி முழுக்க மெத்தைதான்.