ஓலைப்பெட்டியை யாருக்குக் கொடுப்பது: வியாபாரிக்கா, நியாய வணிக அமைப்புக்கா?

சாயல்குடிப் பக்கம் ஓலைப்பெட்டி முடையும் எங்கள் மகளிர் குழுவில் 14 பேர். கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. வீடு தேடி வந்து சரக்கெடுத்த வியாபாரியை விட்டு, செய்பவருக்கு நியாயமான விலை தந்து வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நியாய வணிக (Fair Trade) அமைப்புக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. எது நல்லது என்று பக்கத்து ஊர்க் குழுக்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

பெட்டிக்கு அமைப்பு கூடுதல் விலை தருகிறது. வியாபாரி கோணல் பெட்டியையும் தள்ளாமல் எடுத்துக்கொள்வார். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. ராமேஸ்வரத்தில் நாங்களே கொண்டுபோய் விற்றும் பார்த்தோம். ஆடி, தை அமாவாசைக் கூட்டத்தில் கட்டுப்படியானது. மற்ற நாட்களில் பஸ் செலவும் ஓர் ஆளின் நாளும் போனதுதான் மிச்சம்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது ஒன்றே ஒன்று: ஓலை வாங்குகிற பணம் யாருடையது? குருத்தோலையை வெயில் காலத்திலேயே வெட்டி, காயவைத்து, கட்டி அடுக்கிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டினால் காயாமல் கருத்துப் பூசணம் பிடிக்கும். ஆகவே வருடம் முழுவதற்குமான ஓலையைச் சில வாரங்களுக்குள் வாங்கியாக வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் யார் கையிலும் பணம் இருந்ததில்லை. வியாபாரி கொடுத்தார். வட்டி என்று ஒரு பைசா கேட்டதில்லை. பெட்டியின் விலையை மட்டும் அவரே சொன்னார். கூட்டிக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. பழைய நோட்டில் ‘ஓலைக் கடன்’ என்ற வரி பங்குனியில் தொடங்கித் தை வரை ஒரு பக்கம் விடாமல் வருகிறது.

1989-இல் தொடங்கிய உலக நியாய வணிக அமைப்பு (WFTO) இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு 10 கோட்பாடுகளை வகுத்திருக்கிறது. கைவினைப் பொருளுக்கு உற்பத்தியாளர் கேட்டால் குறைந்தது 50 சதவீதம் வட்டியில்லா முன்பணம் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. ‘கேட்டால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நாங்கள் எழுதிக் கேட்டோம், கிடைத்தது. பனையேறியிடம் ரொக்கம் கொடுத்து நல்ல குருத்தாகப் பார்த்து எடுத்தோம். அந்த வருடம் நோட்டில் கடன் வரி இல்லை. அதே வியாபாரி பிறகு வந்தபோது, “என்ன விலை போட்டுத் தரட்டும்?” என்று முதல்முறையாக எங்களைக் கேட்டார்.

சிரமமும் உண்டு. முதல் தவணையில் 40 பெட்டிகள் திரும்பின. பெட்டியின் வாய் கால் அங்குலம் அகன்று மூடி நிற்காமல் உள்ளே இறங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொருவர் மடியிலும் ஓர் அளவுக்குச்சி இருக்கிறது. சரக்குப் போனபின் மீதிப் பணம் வர இரண்டு மாதம்கூட ஆகிறது. வாராவாரம் காசு வேண்டிய வீடுகள் அதைத் தாங்காது. குழுவில் இரண்டு பேர் இன்னும் வியாபாரிக்கும் முடைகிறார்கள், நாங்கள் தடுக்கவில்லை.

ஆர்டர் நின்றுபோகும் ஒரு வருடத்தை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு என் பேச்சைக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகவே பெட்டிக்கு இரண்டு ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறோம். வருகிற பங்குனியில் பாதி ஓலையை அந்தப் பணத்திலேயே வாங்கிவிடலாம் போலிருக்கிறது.