ஆறு ஆண்டுகள் அணிந்த அமோலைட் மோதிரம்: பழுதுபார்ப்புக்குப் பின் எழுதுவது

ஆறு ஆண்டுகளாக அணிந்துவரும் அமோலைட் மோதிரத்தைச் சென்ற வாரம் பழுதுபார்த்து வாங்கினேன். தானும் ஒன்று வாங்கலாமா என்று தோழி கேட்டதும் அதே வாரத்தில்தான்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மோனைட் என்னும் அழிந்துபோன கடலுயிரியின் ஓடுகளிலிருந்து இது கிடைக்கிறது என்பதும், 1981-இல் ரத்தினமாக ஏற்கப்பட்டது என்பதும் வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிந்தவையே. ஆனால், மோதிரத்தில் பதிக்கப்படுவது பெரும்பாலும் தனிக் கல் அன்று, ஒட்டுவேலை என்பது என் மனத்தில் அப்போது பதியவில்லை. மேலே ஸ்பைனல் என்னும் கடினமான, நிறமற்ற கல்லால் ஆன மூடி, நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஓட்டுப் படலம், அடியில் கரும்பாறைத் துண்டு, இவற்றைப் பிடித்து நிற்கும் பசை. என் கோபம் முழுவதும் அந்தப் பசையின் மேல்தான்.

நான்காம் ஆண்டில் கல்லின் ஓரத்தில் மெல்லிய வெண்மை தெரிந்தது. அழுக்கு என்று எண்ணித் துணியால் துடைத்தேன்; போகவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அது பிறை வடிவில் உள்நோக்கிப் பரவி, சோப்பு நுரை காய்ந்த தடம்போல் பச்சையை மறைத்தது. கை கழுவும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் மோதிரத்தைக் கழற்றாதது என் தவறுதான். ஆனால் மூடி இருப்பதால் அச்சமின்றித் தினமும் அணியலாம் என்று விற்றவர் உறுதி சொன்னதை நான் மறக்கவில்லை. மோஸ் அளவில் கடினத்தன்மை 4-ஐ ஒட்டியே உள்ள இந்தப் படலத்தை மூடி மேற்புறக் கீறலிலிருந்து காக்கும். பக்கவாட்டில் திறந்து கிடக்கும் பசை விளிம்பை அது எப்படிக் காக்கும்?

முதலில் போன பட்டறையில் மீயொலித் தொட்டியில் போட்டுக் கழுவ எடுத்தார்கள். அரகோனைட் என்னும் மென்மையான சுண்ணாம்புக் கனிமத்தால் ஆன, அடுக்கி ஒட்டிய கல்லுக்கு அந்த அதிர்வும் ஆகாது, நீராவியும் ஆகாது என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டேன். இரண்டாமவர் நிதானமாகப் பார்த்து, மங்கிய ஓரத்தைத் தேய்த்தெடுத்து, சற்றுச் சிறுத்த கல்லை விளிம்பு முழுவதும் மூடும் வெள்ளிப் பட்டைக்குள் பதித்துத் தந்தார். முன்பிருந்த நான்கு கொக்கிகளுக்குப் பதிலாக முதலிலேயே இப்படிப் பதித்திருந்தால் நீர் இவ்வளவு எளிதில் புகுந்திருக்காது.

நிறத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பேனாவைப் பிடித்து எழுதும்போது வரியின் தொடக்கத்தில் தணல்போல் சிவந்திருக்கும் கல், கை நகர நகர நடுவரியில் மயில்கழுத்துப் பச்சையாகும். நிறமியால் வரும் நிறமாக இருந்தால் இப்படி மாறாது. நுண்ணிய அரகோனைட் அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் காட்டும் நிறம் இது. அடுக்கு தடித்த இடத்தில் சிவப்பு, மெலிந்த இடத்தில் நீலமும் ஊதாவும். மெல்லிய அடுக்குகள் எளிதில் சிதைந்துவிடுவதால் ஊதா அரிது.

தோழிக்கு என் பதில்: மோதிரமாக வாங்க வேண்டாம், நீரும் உரசலும் குறைந்த பதக்கமாக வாங்கு. அதே சமயம், இதைத் தந்துவிட்டு வேறெந்த மோதிரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னாலும் நான் சம்மதிக்க மாட்டேன். என் கல்லிலும் ஓர் ஓரத்தில் அரிசிமணி அளவுக்கு ஊதா இருந்தது. ஒவ்வொரு வரியையும் எழுதி முடிக்கும்போது அது ஒருமுறை மின்னும். வெண்மை படர்ந்தது அந்த ஓரத்தில்தான். அங்கே இப்போது வெள்ளிப் பட்டை இருக்கிறது.