அன்றாட வேலைக்கு எது ஒத்துவரும்: பட்டியலா, கேன்ட் சார்ட்டா, கான்பன் பலகையா?

காலையில் பதினைந்து வேலைகளை நோட்டில் எழுதி, மாலையில் நான்கை அடித்துவிட்டு, மீதியை மறுநாள் பக்கத்தில் திரும்ப எழுதுவது பலருக்குப் பழக்கம். எனக்கும் பல வருடம் அப்படித்தான் ஓடியது. அப்புறம்தான் பெரிய திட்டங்களை நடத்துகிறவர்களின் கருவிகளைத் தினசரி வேலையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றுமே உதவின. ஆனால் மூன்றும் உதவியது வேறு வேறு வேலைக்கு.

முதலில் பட்டியல். மறக்காமல் இருக்க இதைவிட எளிய வழி கிடையாது. குறை என்னவென்றால், ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரு பதில் மெயிலும் இரண்டு வாரம் இழுக்கும் பட்ஜெட்டும் இதில் ஒரே அளவு வரிதான். எது பாதியில் நிற்கிறது, யாரிடம் நிற்கிறது என்பதும் தெரியாது. ஆனால் ஒரே வேலை மாதாமாதம் திரும்ப வருகிறதா? அங்கே, படிகளை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக டிக் போடும் செக்லிஸ்ட்டை அடிக்க ஆளில்லை. 1935இல் போயிங் மாடல் 299 விமானம் சோதனைப் பறப்பில் விழுந்து நொறுங்கியது. தரையில் நிற்கும்போது வால் பகுதிக்குப் போடும் பூட்டை எடுக்காமல் கிளம்பியதுதான் காரணம். ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். அதன் பிறகே விமானிகளுக்குச் செக்லிஸ்ட் வழக்கமானது. மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு, புதிதாகச் சேருபவருக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடுகள் போன்றவற்றை நினைவை நம்பி விடவே கூடாது.

கேன்ட் சார்ட் 1910களில் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கேன்ட் பரப்பிய முறை. காலண்டரின் மேல் ஒவ்வொரு வேலையையும் ஒரு பட்டையாக வரைவது. தினசரி வேலை முழுவதையும் இதில் போட நினைத்தால் தோற்றுவிடுவோம். திடீரென்று ஒரு மீட்டிங் வந்தால் எல்லாப் பட்டையும் நகரும். படத்தைத் திருத்துவதே ஒரு வேலையாகிவிடும்.

ஆனால் தேதி மாறாது, நடுவில் பல பேர் கை படும் என்கிற வேலைக்கு இதுதான் சரி. ஓர் அறிக்கையை 30ஆம் தேதி கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். பின்னாலிருந்து எண்ணுவோம். கையெழுத்துக்கு 2 நாள் என்றால் 28க்குள் மேலாளர் மேஜைக்குப் போக வேண்டும். சரிபார்க்க 3 நாள், ஆக 25க்குள் எழுதி முடித்திருக்க வேண்டும். எழுத 4 நாள், ஆக 21க்குள் விவரங்கள் கையில் இருக்க வேண்டும். மூன்று துறைகள் விவரம் தர வேண்டும். இரண்டுக்கு 5 நாள் போதும், ஒன்றுக்கு எப்போதும் 8 நாள் ஆகும். அந்த ஒன்றுக்கு 13ஆம் தேதியே மெயில் போயாக வேண்டும். மற்ற இரண்டும் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் முடிவுத் தேதி மாறாது. எந்த வேலை தாமதமானால் முடிவுத் தேதியே தள்ளிப்போகும் என்று கண்டுபிடிக்கும், 1950களின் கடைசியில் உருவான கிரிட்டிக்கல் பாத் முறையின் சாரமே இதுதான். இதற்கு மென்பொருள் வேண்டாம், எக்செலில் ஆறு வரி போதும்.

கான்பன், டொயோட்டா தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை. 2011இல் வந்த ட்ரெல்லோ என்ற செயலி இதை அலுவலக மேஜைகளுக்கும் பழக்கப்படுத்தியது. பலகையில் செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை என்று மூன்று கட்டம் போட்டு, வேலைக்கு ஒன்றாக எழுதிய அட்டைகளை நகர்த்துவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். நடப்பவை கட்டத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்தால்தான் இதன் முழுப் பலனும் கிடைக்கும். 1961இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் நிரூபித்த கணக்கு இதை அழகாகச் சொல்கிறது: கையில் 12 வேலை, நாளுக்கு 3 முடிகிறது என்றால் ஒவ்வொன்றும் முடிய சராசரியாக 4 நாள். அதே வேகத்தில் கையில் இருப்பதை 6 ஆக்கினால் 2 நாள். வேகம் கூடவே இல்லை, ஆனாலும் காத்திருப்பவருக்குப் பாதி நாளில் வேலை முடிகிறது.

நான்காவதாக 'காத்திருப்பு' என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். அதில் வைக்கும் அட்டையில் வேலையின் பெயர் மட்டும் போதாது. 'கணக்குப் பிரிவு, 12ஆம் தேதி முதல்' என்று யாரிடம், எப்போதிலிருந்து என எழுத வேண்டும். தனி ஆளாக இருந்தால் சுவரில் ஒட்டும் மஞ்சள் தாளே போதும். வேறு வேறு இடத்தில் இருக்கும் குழு என்றால் செயலிக்குப் போகலாம்.

என் வேலையில் பெரும்பகுதி மற்றவர்களிடமிருந்து வந்து, பாதி வழியில் யாரிடமாவது நிற்பது. அதனால் நாள் முழுக்கப் பலகை, திரும்ப வரும் வேலைகளின் அட்டைக்குள் செக்லிஸ்ட், மாதத்தில் ஒன்றிரண்டு பெரிய வேலைக்கு மட்டும் கேன்ட் என்று வைத்திருக்கிறேன். நடப்பவையில் மூன்று அட்டைக்கு மேல் விடுவதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் காத்திருப்புக் கட்டத்தைப் பார்த்து, மூன்று நாளுக்கு மேல் நிற்கும் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு போன் போட்டுவிடுகிறேன்.