அட்டைப்பெட்டி அடுப்பா, குட்டிப் பேனலா, நாவல்பழச் சாறா?

ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்குச் சூரிய ஆற்றலைப் பலகையில் எழுதிப்போட்டு நடத்தாமல் கையால் செய்து பார்க்க வைக்கலாம் என்று இறங்கினால், சுற்றிச் சுற்றி மூன்று வழிகளில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அட்டைப்பெட்டியில் செய்கிற சூரிய அடுப்பு, கடையில் வாங்குகிற ஆறு வோல்ட் குட்டிப் பேனல், பழச்சாற்றில் சாயம் ஏற்றிச் செய்கிற மின்கலம். நான் சனிக்கிழமைகளில் சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கும், மாதம் ஒருமுறை ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கும் அறிவியல் மன்ற வேலைக்குப் போய்வருகிறவன். மூன்றையும் இரண்டு இடத்திலும் செய்து, கெடுத்து, திரும்பச் செய்திருக்கிறேன். எது நல்லது என்று கேட்கிற ஆசிரியர்களுக்குத் துண்டு துண்டாகப் பதில் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு அட்டைப்பெட்டிக்கு. செலவு குறைவு என்பதற்காக மட்டும் இல்லை, காரணம் பின்னால் வரும்.

பேனலில் தொடங்குவோம், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். வெயிலில் பிடித்தால் மோட்டார் சுற்றும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம்? முதல் தடவையே ஓடிவிடுகிற சாமானைப் பார்த்து யாருக்கும் கேள்வி வராது. அதனால் பேனலை வாங்கினால் அதை வேண்டுமென்றே தொந்தரவு செய்ய வேண்டும். உள்ளே பட்டை பட்டையாக இருக்கிற பன்னிரண்டு சில்லுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டவை என்பதைப் படம் வரைந்து சொல்வதைவிட, ஒரே ஒரு பட்டையின் மேல் விரலை வைக்கச் சொன்னால் போதும். பன்னிரண்டில் ஒன்றுதானே மறைந்தது, கொஞ்சம் மெதுவாகச் சுற்றும் என்று வகுப்பே சத்தியம் செய்யும், மோட்டார் சட்டென்று நின்றுவிடும். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலில் தொடரிணைப்பு நடத்தியபோது தூங்கிக்கொண்டிருந்த பையன் விரலை எடுப்பதும் வைப்பதுமாக அரை மணி நேரம் விளையாடியதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தொந்தரவு, சாய்வு. ஒரு ஸ்ட்ராவைப் பேனலுக்குச் செங்குத்தாக ஒட்டி, அதன் நிழல் காணாமல் போகிறவரை திருப்பினால் பேனல் சூரியனை நேராகப் பார்க்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து அறுபது டிகிரி சாய்த்தால் மின்னோட்டம் பாதியாகும், வோல்ட் மட்டும் பெரிதாக அசையாது. இதைச் செய்யும்போது பிள்ளைகள் ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள்: மணி பன்னிரண்டு அடித்தால் உச்சிவெயில் என்பது சேலத்தில் சரியில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் இருப்பது 78-ஐ ஒட்டி. அதனால் சராசரியாகப் பதினேழு நிமிடம் தாமதம். பிப்ரவரி நடுவில் குச்சியின் நிழல் மிகக் குட்டையாவது 12.30-ஐ ஒட்டித்தான், நவம்பர் தொடக்கத்திலோ ஏறக்குறைய 12 மணிக்கே. ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் சேலத்தில் உச்சி நேரத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது. ஏப்ரலில் தேர்வு, விடுமுறை என்று போய்விடும், ஆகஸ்ட்டில் மேகம் விட்டால் உண்டு.

மூன்றாவது தொந்தரவுதான் எனக்குப் பிடித்தது, சூடு. வெயில் ஏற ஏறப் பேனல் நன்றாக வேலை செய்யும் என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிலிக்கான் சில்லுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. ஒரு டிகிரி ஏறினால் ஒரு சில்லில் சுமார் இரண்டு மில்லிவோல்ட் குறையும். எங்கள் பேனல் நிழலில் இருந்து எடுத்தவுடன் 6.9 வோல்ட் காட்டியது, கால் மணி நேரம் மொட்டை மாடியில் கிடந்ததும் 6.3-க்கு இறங்கியது. ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினால் மீட்டரில் எண் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதே பேனலை ஏற்காட்டுக்குக் கொண்டுபோய், பனி விலகிய ஒரு காலையில் வைத்தபோது காற்றடித்துக்கொண்டே இருந்ததால் 6.6-க்குக் கீழே இறங்கவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. பேனலின் பின்னால் ஒட்டியிருக்கிற எண்ணை நம்பி வாங்காதீர்கள். பத்து வாட் என்று அச்சிட்ட ஒன்றை ஒரு கடையில் வாங்கினேன், உச்சிவெயிலில் நான்கைத் தாண்டவில்லை, கேட்டதற்கு "வெயில் பத்தலீங்க" என்றார் கடைக்காரர். மே மாதம், சேலத்தில்!

சரி, அட்டைப்பெட்டிக்கு வருவோம். பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, இடையில் வெப்பம் தப்பாமல் ஏதாவது திணிப்பு, உள்ளே கறுப்பு பெயிண்ட், மேலே கண்ணாடி, மூடியில் அலுமினிய ஃபாயில் ஒட்டி வெயிலை உள்ளே திருப்பிவிடுவது. அவ்வளவுதான். கண்ணாடியின் ஓரத்தை மட்டும் கடையிலேயே தேய்த்துத் தரச் சொல்லுங்கள், பிள்ளைகள் கையை அறுத்துக்கொள்வார்கள்.

நான் எதுவும் சொல்லாமல் நான்கு குழுவாகப் பிரித்து விட்டுவிட்டேன். ஒரு குழு திணிப்புக்குத் தெர்மாகோல் போட்டது, உள்பெட்டிச் சுவரிலேயே. இரண்டு மணி நேரத்தில் அது சுருங்கி வளைந்து, நாற்றமும் கிளம்பியது. இன்னொரு குழு பழைய செய்தித்தாளைக் கசக்கிப் போட்டது, அது தாங்கியது. மூன்றாவது குழு கண்ணாடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி விட்டிருந்தது, வெப்பமானி 60-ஐத் தாண்ட மறுத்தது. கடைசியில் ஒருவன் சைக்கிள் கடையில் இருந்து பழைய டியூப்பை வாங்கிவந்து, வெட்டி, ஓரம் முழுக்க ஒட்டினான். நான்காவது குழு எவர்சில்வர் டப்பாவை அப்படியே பளபளவென்று உள்ளே வைத்துவிட்டுக் காத்திருந்தது. அதைப் பார்த்துப் பக்கத்துக் குழுப் பிள்ளைகள்தான் சிரித்தார்கள், நான் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே என்ன வைப்பது என்று கேட்டபோது முட்டை, வேர்க்கடலை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஜவ்வரிசி ஆலையில் அப்பா வேலை பார்க்கிற பையன் ஒருவன் மறுநாள் ஒரு பொட்டலம் ஜவ்வரிசியோடு வந்தான். இதைவிட நல்ல வெப்பமானி கிடையாது! மரவள்ளி மாவு 70 டிகிரியை ஒட்டி வெந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஊறவைத்த ஜவ்வரிசியை ஒவ்வொரு குழுவும் ஒரு கரண்டி வைத்தது. டியூப் ஒட்டிய பெட்டியில் மணி மணியாகத் தெளிந்துவிட்டது, பளபள டப்பாக் குழுவுக்கு ஒவ்வொரு மணியின் நடுவிலும் வெள்ளைப் புள்ளி அப்படியே நின்றது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு மணியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்களது உள்ள வேகலீங்க சார், டப்பாவுக்குக் கறுப்பு அடிச்சா சரியாயிடும்" என்றாள். அடுத்த வாரம் அடித்தார்கள், சரியாகிவிட்டது. என் ஓட்டு ஏன் பெட்டிக்கு என்றால் இதற்காகத்தான். தவறு எங்கே என்று கண்ணுக்குத் தெரிகிறது, அதைத் திருத்துகிற சாமானும் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது.

கணக்கும் சும்மா இல்லை. எங்கள் பெட்டியின் வாய் 40 செ.மீ.க்கு 40, அதாவது 0.16 சதுர மீட்டர். தெளிந்த உச்சிவெயிலைச் சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்று எடுத்துக்கொள்வது வழக்கம், ஆக உள்ளே விழுவது 160 வாட், மூடியில் இருக்கிற ஃபாயில் திருப்பிவிடுவதைச் சேர்க்காமல். அரை லிட்டர் தண்ணீர் 28-ல் இருந்து 78 டிகிரிக்கு ஏற 90 நிமிடம் ஆனது. 105 கிலோஜூல், 5,400 விநாடி, வகுத்தால் சுமார் 19 வாட், நூற்றுக்குப் பன்னிரண்டு. பேனல் 11 செ.மீ.க்கு 6, அதன் மேல் விழுவது 6.6 வாட், தருவது 0.9, நூற்றுக்குப் பதினான்கு. வீட்டு மாடிகளில் இப்போது வைக்கிற பெரிய பேனல்கள் இருபதைத் தாண்டும், அது வேறு. ஆனால் குட்டிப் பேனலும் பிரவுன் டேப் ஒட்டிய பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து வகுப்பு கொஞ்ச நேரம் நம்பவே இல்லை, ஒருவன் கணக்கை மூன்று முறை போட்டான். நியாயமாகச் சொன்னால் பேனல் தருவது மின்சாரம், பெட்டி தருவது வெறும் சூடு, இரண்டும் ஒரே விலைக்குப் போகாது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் பெட்டியை வைத்து ஃபோன் சார்ஜ் போடக் கிளம்பிவிடுவார்கள்.

பெட்டியின் பலவீனம் ஏற்காட்டில் தெரிந்தது. சேலத்தைவிடச் சுமார் 1,200 மீட்டர் மேலே, காற்று குளிர், போதாக்குறைக்கு ஏரிப் பக்கமிருந்து அடிக்கிற காற்று. அதே பெட்டி, அதே டப்பா, 90 நிமிடத்தில் 61 டிகிரிதான். அங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், ஆனால் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. கீழே பெட்டி ஜெயிக்கிறது, மேலே பேனல் ஜெயிக்கிறது, நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு.

அங்கிருந்த ஆசிரியர் "மலையில இது வேலைக்காகாது சார்" என்று முடிக்கப் பார்த்தார். அப்போதுதான் ஜெனீவாக்காரர் சோசுரின் கதையைச் சொன்னேன். 1767-ல் கண்ணாடி அடுக்குகள் வைத்த பெட்டியில் சோதனையைத் தொடங்கி, பின்னர் மேம்படுத்திய பெட்டியில் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிய வெப்பத்தைப் பிடித்தவர் அவர். பிற்பாடு அப்படிப்பட்ட பெட்டியை ஆல்ப்ஸ் மலையில் ஓர் உச்சிக்கும் கீழே சமவெளிக்கும் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். வெளியே மலைக்காற்று குளிராக இருந்தும் பெட்டிக்குள் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே வெப்பம். அவருக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை? பிள்ளைகள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி கண்ணாடியின் மேல் கையை வைத்து "இது சுடுது சார், சூடு இது வழியாத்தான் போகுது" என்றாள். ஒற்றைக் கண்ணாடி. அடுத்த மாதம் அரை அங்குல இடைவெளி விட்டு இரண்டாவது கண்ணாடி போட்டார்கள், 61 என்பது 70 ஆனது.

நாவல்பழ மின்கலம் இரண்டையும்விட அழகு, இரண்டையும்விடத் தலைவலி. 1991-ல் ஓரீகனும் கிரெட்சலும் வெளியிட்ட முறைதான் அடிப்படை. மின்சாரம் கடத்துகிற பூச்சுள்ள கண்ணாடியில் டைட்டானியம் டையாக்சைடு பசையைத் தடவி, சுமார் 450 டிகிரியில் சுட்டு, சாற்றில் ஊறவைத்து, பென்சில் கரி பூசிய இன்னொரு கண்ணாடியை மேலே வைத்து, நடுவில் அயோடின் கரைசல் விட வேண்டும். பழத்தின் ஊதா நிறம் வெளிச்சத்தைப் பிடிக்கிறது. அந்தக் கண்ணாடி ஆன்லைனில்தான் கிடைத்தது, விலையும் கூடுதல், எங்களுக்கு வந்ததில் இரண்டு உடைந்திருந்தது. 450 டிகிரிக்குப் பள்ளியில் எங்கே போவது? பெயிண்டுக் கடை வெள்ளைப் பொடியை வாங்கி ஒருமுறை ஏமாந்தோம், அதுவும் டைட்டானியம் டையாக்சைடுதான், ஆனால் பெரும்பாலும் ரூட்டைல் என்கிற படிக வகை, இதற்கு வேண்டியது அனட்டேஸ் என்கிற வகை. நாவல் சீசன் வருகிற நேரத்தில் மலையில் மழை மூட்டம் வேறு. எல்லாம் கூடிவந்தபோது 0.35 வோல்ட், ஒரு மோட்டாரின் இமைகூட அசையாது.

ஆனாலும் அன்றைக்கு வகுப்பு அமைதியாக இருந்தது. மீட்டரில் எண்ணைப் பார்ப்பதும், கையால் நிழல் போட்டு அது இறங்குவதைப் பார்ப்பதும், தாங்களே அரைத்த பழம் இது என்பதும் சேர்ந்து. அயோடின் சிந்தி ஜவ்வரிசியில் பட்டு அது கருநீலமானது தனிக் கூத்து. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் ஆசிரியர் கூட நின்றால் செய்யுங்கள், ஒன்பதாவதுக்கு வேண்டாம்.

சோலார் கார் பற்றிக் கேட்பார்கள். பேனல்தான், சக்கரம் வைத்தது. பழைய டிடிஎச் குடையில் ஃபாயில் ஒட்டுவது பற்றியும் கேட்பார்கள். கண் கூசும், குவியும் இடத்தில் விறகே பற்றும், முப்பது பிள்ளைகளோடு நான் செய்ய மாட்டேன்.

கையில் ஆயிரம் ரூபாய் இருந்தால் இரண்டு பெட்டிக்கான கண்ணாடி, ஃபாயில், இரண்டு வெப்பமானி வாங்கிவிட்டு, மிச்சத்தில் ஒரு குட்டிப் பேனலும் மலிவு மல்டிமீட்டரும் வாங்குவேன். இரண்டும் ஒரே நாளில் வெயிலில் கிடக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஏனென்றால் கன்னங்குறிச்சியில் ஒருவன், பெட்டிக்குள் இவ்வளவு சூடு இருக்கிறதே, பேனலை அதற்குள் வைத்தால் இரண்டு மடங்கு வருமே என்று யாரையும் கேட்காமல் வைத்துவிட்டான். வயரை ரப்பருக்கு அடியில் நுழைத்து மீட்டரை வெளியே வைத்திருந்தான். 6.8, 6.4, 6.0 என்று இறங்கி 5.6-ல் நின்றபோது மற்ற குழுக்கள் எல்லாம் தங்கள் பெட்டியை விட்டுவிட்டு அங்கே கூடிவிட்டன. பேனலின் மேல்பூச்சு ஒரு மூலையில் கொப்பளித்துவிட்டது. இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.