ஸ்மேட்ச் மதிப்புரை: கெர்னலில் ஒளிந்திருக்கும் மைனஸ் எண்கள்

ஸ்மேட்ச் என்பது சி கோடை ஓட்டாமலே படித்துப் பக் தேடும் கருவி. சைன்டு (மைனஸும் ஏற்கும்) எண்ணையும் அன்சைன்டு (மைனஸ் ஏற்காத) எண்ணையும் ஒப்பிடுவதில் வரும் பக்குகளைத் தேடுபவர்கள் முதலில் போய் நிற்பது ஜிசிசி கம்பைலரின் சைன்-கம்பேர் வார்னிங்கிடம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பில்டில் அது அணைத்தே கிடக்கிறது; மேக் கட்டளையோடு டபிள்யூ=3 கொடுத்தால்தான் வாய் திறக்கும். அணைத்து வைத்ததில் நியாயம் இருக்கிறது. இன்ட் (சைன்டு முழு எண்) ஐ என்று வைத்துக்கொண்டு அர்ரேயின் அளவு வரை ஓடும் சாதாரண ஃபார் லூப்பைக்கூட அது விடாமல் குறை சொல்லும். ஐ 0-வில் தொடங்கி ஏறிக்கொண்டே போகிறது, மைனஸுக்கு அங்கே வேலையே இல்லை என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. அத்தனை இரைச்சலுக்குள் நிஜமான பக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் தேட வேண்டும்.

சகித்துக்கொண்டு தேடினாலும் பெரிய மீன் சிக்குமா என்பது சந்தேகம். 2013-இல் சரிசெய்யப்பட்ட பெர்ஃப் (கெர்னலில் செயல்திறனை அளக்கும் பகுதி) பாதுகாப்பு ஓட்டையை (சிவிஇ-2013-2094) எடுத்துக்கொள்வோம். யூசர் தரும் 64 பிட் கான்ஃபிக் மதிப்பை ஒரு ஃபங்ஷன் இன்ட் வேரியபிளில் வாங்கியது. மேல் எல்லையை மட்டும் சரிபார்த்தது. மைனஸ் மதிப்பு அந்தச் சோதனையைத் தாண்டி, அர்ரே இன்டெக்ஸாகப் போய், அர்ரேக்கு வெளியே இருந்த நினைவகத்தை மாற்றியது. சாதாரண யூசர் ரூட் (முழு அதிகாரம் உள்ளவர்) ஆக அது போதுமானதாக இருந்தது. மேல் எல்லை ஓர் எனம் மாறிலி (பெயர் சூட்டிய முழு எண்). சி மொழியில் அதுவும் இன்ட்தான். இருபுறமும் சைன்டு என்பதால் சைன்-கம்பேர் மூச்சுவிடாது. பிடித்தது, தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்க்கும் டிரினிட்டி ஃபஸ்ஸர். திருத்தம் ஒரே வரி: இன்ட் போய் யு64 (அன்சைன்டு 64 பிட்) வந்தது.

ஸ்மேட்ச் பயன்படுவது இங்கேதான். டான் கார்பென்டர் எழுதிய இந்த ஸ்டேட்டிக் அனலைசர், சி கோடைப் பிரித்துப் படிக்கும் ஸ்பார்ஸ் பார்ஸரின் மேல் கட்டப்பட்டது. டைப்போடு நிற்காமல், ஒவ்வொரு வேரியபிளும் அந்த இடத்தில் எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்பு வரை இருக்கலாம் என்ற வரம்பையும் தொடர்கிறது. யூசரிடமிருந்து வந்த எண்ணுக்குக் கீழ் எல்லை இல்லை என்றால் 'நோ லோயர் பவுண்ட்' என்று வரம்போடு சேர்த்து எச்சரிக்கும்.

அதன் எச்சரிக்கைகளில் மிகவும் உருப்படியானது 'எரர் கோட் டைப் ப்ரமோட்டட் டு பாசிடிவ்'. ரெட் < சைஸ்ஆஃப்(பஃப்) என்று ஒரு சோதனை இருக்கிறது. ரெட், படித்த அளவையோ மைனஸ் எரர் எண்ணையோ தாங்கும் ஓர் இன்ட்; சைஸ்ஆஃப் தருவது அன்சைன்டு எண். படிப்பது தோற்று -5 வந்தால், 64 பிட் இயந்திரத்தில் அது ஒப்பீட்டுக்கு முன் 18446744073709551611 ஆகிவிடும். 'சின்னதாக இருந்தால் எரர்' என்ற கிளைக்குள் போகவே போகாது; பாதி நிரம்பாத பஃபரை வைத்துக்கொண்டு டிரைவர் ஓடும். ரெட் மைனஸா என்று முதலில் தனியாகப் பார்த்துத் திரும்புவதே சரியான மருந்து. சைஸ்ஆஃப் பக்கம் இன்ட் காஸ்ட் (டைப் மாற்றம்) போட்டாலும் சரியாகும். ரெட்டை அன்சைன்டு டைப்பான சைஸ்_டி ஆக்கினால் வார்னிங்தான் வாயடைக்கும், பக் அப்படியே இருக்கும். இந்தத் தவறான பேட்ச் அடிக்கடி வருவதுதான் எரிச்சல்.

அன்சைன்டு ஐஆர்க்யூ (இன்டரப்ட் எண்) வேரியபிளில் எரர் எண்ணை வாங்கி, 0-வுக்குக் கீழா என்று பார்ப்பது இன்னொரு வகை. கம்பைலர் அந்தச் சோதனையையே தூக்கிவிடும். லோக்கல் வேரியபிள் என்றால் டைப்பை இன்ட் ஆக்குங்கள். ஸ்ட்ரக்ட் ஃபீல்டு என்றால் ஒரு லோக்கல் இன்ட்டில் வாங்கிச் சோதித்த பிறகு ஃபீல்டில் போடுங்கள். இதற்கு ஸ்மேட்ச் வரை போக வேண்டியதில்லை. டபிள்யூ=2 தரும் டைப்-லிமிட்ஸ் வார்னிங்கோ, கெர்னலோடு வரும் காக்சினெல் (கோடில் வடிவங்களைத் தேடும் கருவி) ஸ்கிரிப்டோ போதும். காக்சினெல் ஸ்கிரிப்ட் '0-வுக்குக் கீழ் அல்லது 15-க்கு மேல்' மாதிரியான தீங்கில்லாத எல்லைச் சோதனைகளைத் தானே விட்டுவிடுகிறது. ஆனால் ரிப்போர்ட் மட்டும்தான் தரும், பேட்ச் தராது.

நிறுவுவது சுலபம்: எஸ்க்யூலைட் நூலகம், அதற்கான பெர்ல் மாட்யூல், ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர்கள் இருந்தால் மேக் அடித்ததும் முடிந்தது. ஒற்றைக் கோப்புக்குக் கேசெக்கர் ஸ்கிரிப்ட். பொறுமையைச் சோதிப்பது, ஃபங்ஷன்களுக்கு இடையில் எந்த மதிப்புகள் போகின்றன என்று குறித்து வைக்கும் டேட்டாபேஸ். முழுக் கெர்னலுக்கும் அதைக் கட்டப் பல மணி நேரம் ஆகும். ஒவ்வொரு முறையும் அழைப்புச் சங்கிலியில் ஒரு படிதான் கூடுதலாகத் தெரியும். 5, 6 முறை கட்டினால்தான் யூசர் தரவு எதுவரை போகிறது என்பது உருப்படியாகப் பிடிபடும். அதைக் கட்டாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று ஒதுக்குவது கருவியின் குற்றமல்ல. ஃபங்ஷன் பாயின்டர் வழியாகப் போகும் அழைப்புகளில் ஊகம் சில சமயம் பிசகும், அது கருவியின் குற்றம்தான்.

கோட் ஓடும்போது சி விதி மீறல்களைப் பிடிக்கும் யூபிசானை இதற்கு நம்ப வேண்டாம். சைன்டு அன்சைன்டாக மாறுவது சி விதிப்படி செல்லும் என்பதால் அது கண்டுகொள்ளாது. இன்னொன்று: கெர்னல் பில்ட் கான்ஃபிக்கில் இல்லாத கோப்பை ஸ்மேட்ச் தொடவே தொடாது, அதனால் முடிந்தவரை எல்லாவற்றையும் மாட்யூலாகச் சேர்க்கும் ஆல்மாட்கான்ஃபிக் வைத்தே ஓட்டுங்கள்.